வேலி போடும் பேனா

வாளேந்தி வந்தவன் மண்ணைப் பிடித்தான்; தராசேந்தி வந்தவன் சந்தையைப் பிடித்தான். இவ்விரண்டையும் வரலாற்று ஏடுகளிலே படித்திருக்கிறோம்; மேடைதோறும் முழங்கியிருக்கிறோம். ஆனால், பேனா ஏந்தி வந்து, நோயாளியின் மருந்துக் குப்பியைச் சுற்றி வேலி போடுகிறவரைப் பற்றி நாம் போதிய அளவு படித்ததுமில்லை, பேசியதுமில்லை. குருதி சிந்தாமல், கூச்சல் எழாமல், குளிரூட்டிய அறையிலே நடைபெறும் காரியம் அது. அதனாலேயே நம் கண்ணுக்குத் தப்பிவிட்டது.

பேடண்ட் வழக்கறிஞர் என்று அவரை அழைக்கிறார்கள். காப்புரிமை முகவர் என்பது சட்டம் அவருக்குத் தந்துள்ள பெயர். வணிகக் குறிகளைப் பதிவு செய்து தருவதும் அவர் தொழிலின் ஒரு கூறுதான். சோப்புக்கும் சீயக்காய்க்கும் பெயர் காக்கும் அந்த வேலையைப் பற்றிப் பிறிதொரு நாள் பேசலாம். இன்று நான் பேச விரும்புவது, உயிரோடு விளையாடும் அவருடைய மற்றொரு வேலையைப் பற்றி.

தோழர்களே! ஒன்றை எதிர்ப்பதற்கு முன்னர் அதனை அறிந்துகொள்ள வேண்டும். எனவே, அவர் செய்வது என்ன என்பதை முதலிலே காண்போம்.

ஒருவர் புதியதொரு பொருளைக் கண்டுபிடிக்கிறார். அரசு அவரோடு ஓர் ஒப்பந்தம் பேசுகிறது. "உன் கண்டுபிடிப்பை மூடி மறைக்காதே, உலகறியச் சொல். சொன்னால், நீ விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகளுக்கு உன் இசைவின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது" என்பதே அந்த ஒப்பந்தம். கேட்பதற்கு நேர்மையான பேச்சு. உழைத்தவனுக்கு ஊதியம் வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால், அந்த ஒப்பந்தத்தை எழுதுகிறவர் யார்? கண்டுபிடித்த விஞ்ஞானி அல்லர். அவருக்காக எழுதுகிறார் காப்புரிமை வழக்கறிஞர். கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு முன்னே வரும்; அதன் கடைசியிலே, எண்ணிட்டு வரிசையாக உரிமைக் கோரிக்கைகள் வரும். அந்தக் கோரிக்கைகள்தாம் வேலி. எந்தச் சொல்லிலே கல் நடுகிறாரோ அதுவரை அவருடைய கட்சிக்காரருக்குச் சொந்தம்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவேன். உலகிலே நாற்காலியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தச்சர் முதன்முதலாக ஒன்றைச் செய்கிறார். "நான்கு கால்களும் ஒரு பலகையும் உடைய இருக்கை" என்று கோரிக்கை எழுதினால், அடுத்த தெருக்காரர் மூன்று காலிலே ஒன்று செய்து தப்பிவிடுவார். "உட்காரும் பரப்பும் அதனைத் தாங்கும் அமைப்பும் கொண்ட பொருள்" என்று எழுதிவிட்டாலோ, முக்காலியும் சிக்கும், விசிப்பலகையும் சிக்கும், திண்ணைகூடச் சிக்கினாலும் வியப்பில்லை! "இவற்றை உள்ளடக்கிய" என்று எழுதினால் வேலி விரியும். "இவை மட்டுமே அடங்கிய" என்று எழுதினால் வேலி சுருங்கும். ஒரே ஒரு சொல்! அதிலே கோடிகள் புரளும். முதலிலே மிக அகலமான கோரிக்கை. அது உடைந்தால் உள்ளே இன்னொன்று. அதுவும் உடைந்தால் அதற்குள் மற்றொன்று. கோட்டைக்குள் கோட்டை, மதிலுக்குள் மதில்! சொல்லை நம்பிப் பிழைக்கும் நாடகாசிரியன் நான். இவ்வளவு சிக்கனமான, இவ்வளவு கூர்மையான சொல்லாட்சியைக் கண்டு மலைத்துப் போகிறேன். மலைத்தாலும், மருண்டுவிடவில்லை.

ஏனெனில், இந்தப் பேனா எதைச் சுற்றியெல்லாம் வேலி போட முனைந்தது என்பதை நாடறியும். 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு ஒரு காப்புரிமை தரப்பட்டது. எதற்கு? மஞ்சளால் புண்ணை ஆற்றுவதற்கு! நம் பாட்டி அடுக்களை மாடத்திலே வைத்திருந்த மஞ்சள் தூளுக்கு அங்கே வேலி. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் ஏடுகளையும் சான்றாக எடுத்துச் சென்று வாதாடிய பிறகு, 1997-இல் அந்த உரிமை செல்லாதென்று ஆயிற்று. வேம்புக்கும் அவ்வாறே ஐரோப்பாவிலே வேலி போட்டார்கள். பூஞ்சையைக் கொல்லும் வேப்பெண்ணெய்க்காக ஓர் அமெரிக்க நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் சேர்ந்து பெற்ற அந்த உரிமை 2000-இல் நீக்கப்பட்டது. 2005-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. மஞ்சளும் வேம்பும் மீண்டன. யாரோ தட்டிக் கேட்டதால் மீண்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி, நம் சென்னையிலே நடந்த கதைக்கு வருவோம்.

இரத்தப் புற்றுநோயின் ஒரு வகைக்கு இமாடினிப் என்ற மருந்து அருமருந்து. நாள்தோறும் விழுங்க வேண்டிய மாத்திரை. விழுங்குகிறவரைக்கும் உயிர் நிற்கும். சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதற்கு உரிமையாளராக இருந்தது. மூலப்பொருளான இமாடினிப்புக்கு 1993-இல் விண்ணப்பித்து, 1996-இல் அமெரிக்காவிலே காப்புரிமை கிடைத்தது. அக்காலத்தில் இந்தியாவிலே மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தருவதில்லை. செய்முறைக்கு மட்டுமே தந்தார்கள். அந்நிலை தானாக வந்ததன்று. வெள்ளையர் விட்டுச் சென்ற 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆராய்ந்து, நம் சென்னையிலே நீதிபதியாக இருந்த இராசகோபால ஐயங்கார் 1959-இல் அறிக்கை தந்தார். இந்நாட்டுக் காப்புரிமைகளிலே பெரும்பாலானவை அந்நியர் கையில் இருக்கின்றன, அவற்றிலும் பெரும்பாலானவை இங்கே உற்பத்திக்கே வருவதில்லை என்று எடுத்துக்காட்டினார். அதன் விளைவு 1970-ஆம் ஆண்டுச் சட்டம். 1972-இல் அது நடைமுறைக்கு வந்தது. மருந்துக்கு மேல் இருந்த பூட்டு திறந்தது. இந்திய ஆலைகள் மலிவு விலையிலே மருந்து செய்து உலகுக்கே தந்தன.

பின்னர் உலக வணிக ஒப்பந்தம் வந்தது. 2005 சனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை என்று சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால், அந்தத் திருத்தத்திலே நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாள் வைத்தது. 3-ஆம் பிரிவின் 'டி' உட்பிரிவு என்று அதற்குப் பெயர். அறிந்த பொருளையே எடுத்து, உப்பாக்கி, படிகமாக்கி, பொடியாக்கி, "இது புதிது" என்று கொண்டுவந்தால், அதன் செயல்திறன் மேம்பட்டதாக மெய்ப்பித்தாலொழிய உரிமை கிடையாது என்பதே அதன் சாரம். பழைய கள், புதிய மொந்தை! அந்த வியாபாரம் இங்கே ஆகாது என்றது சட்டம்.

நோவார்ட்டிஸ் 1998-இலேயே சென்னைக் காப்புரிமை அலுவலகத்திலே ஒரு விண்ணப்பம் போட்டிருந்தது. எதற்கு? இமாடினிப்புக்கு அன்று, அதன் உப்பாகிய இமாடினிப் மெசிலேட்டின் 'பீட்டா' என்னும் ஒரு படிக வடிவத்துக்கு! அந்த வடிவம் நன்றாக உதிர்ந்து ஓடுமாம், ஈரம் குறைவாக ஏற்குமாம், நிலைத்து நிற்குமாம். சரக்கைக் கிடங்கிலே வைப்பவனுக்கு நன்மைதான். படுக்கையிலே கிடப்பவனுக்கு என்ன நன்மை என்பதல்லவா கேள்வி?

அந்த வழக்கிலே வெளிப்பட்ட ஒரு காட்சியை, நாடகக்காரன் என்ற முறையிலே, உங்கள் முன் வைக்கிறேன். சொல் என்னுடையது, பொருள் வழக்கு ஏட்டில் உள்ளது.

காட்சி ஒன்று: அமெரிக்கா. நிறுவனம் பேசுகிறது. "எங்கள் 1993-ஆம் ஆண்டு விண்ணப்பத்திலே பிறந்த காப்புரிமை இந்த மெசிலேட் மருந்தையும் தழுவி நிற்கிறது. எனவே அதன் காலத்தை நீட்டித்துத் தருக." இங்கிலாந்திலே, நாட்கோ என்னும் இந்திய நிறுவனம் இதே மருந்தை விற்றபோதும் அதே குரல்: "எங்கள் பழைய காப்புரிமைக்குள் அடங்கிய பொருள் இது. நிறுத்துக!"

காட்சி இரண்டு: இந்தியா. அதே நிறுவனம் பேசுகிறது. "பழைய காப்புரிமையிலே மெசிலேட் உப்பு வெளிப்படுத்தப்படவேயில்லை. அதிலிருந்து நாங்கள் பிற்பாடு கண்டுபிடித்தது இது. எனவே புதிய காப்புரிமை தருக."

அங்கே அடங்கியது, இங்கே அடங்கவில்லை! அங்கே பழையது, இங்கே புதியது! ஒரே மாத்திரை, ஒரே முதலாளி, இரண்டு நாக்கு. தழுவுவது வேறு, வெளிப்படுத்துவது வேறு என்று வழக்கறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். எடுத்துக்கொள்ளும்போது அகன்ற கை, சொல்லிக் கொடுக்கும்போது குறுகிய வாய் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் உண்டா?

சென்னை அலுவலகம் 2006 சனவரியிலே விண்ணப்பத்தைத் தள்ளியது. சட்டப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றம் ஏறியது. 2007 ஆகஸ்ட் 6 அன்று அங்கும் தோற்றது. மேல்முறையீட்டு வாரியம் 2009-இல் கைவிரித்தது. இறுதியாக 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: காப்புரிமை இல்லை! அந்தத் தீர்ப்பிலே நீதிபதிகள் எழுதிய ஒரு கருத்தை ஒவ்வொரு தோழரும் மனத்திலே பொறித்துக்கொள்ள வேண்டும். கண்டுபிடிப்பின் உள்ளார்ந்த மதிப்பைக் கொண்டல்லாமல், திறமைமிக்க வழக்கறிஞர்கள் கோரிக்கைகளைச் சாதுரியமாக வரைவதைக் கொண்டு ஒரு காப்புரிமையின் எல்லை முடிவாகும் நிலைக்கு இந்நாட்டுச் சட்டம் வளர்வதைத் தாங்கள் விரும்பவில்லை என்ற பொருள்பட எழுதினார்கள். பேனா போட்ட வேலியைப் பேனாவே பிடுங்கி எறிந்தது!

அந்த வேலியின் விலை என்ன தெரியுமா? நோவார்ட்டிஸ் மருந்து அப்போது மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ. 1,20,000-ஆக இருந்தது. இந்திய ஆலைகள் செய்த அதே மருந்து மாதம் ரூ. 8,000 முதல் ரூ. 10,000 வரை இருந்தது. இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையே இருந்தது மருந்தன்று. ஒரு கோரிக்கைப் பத்திரம்.

"ஆராய்ச்சிக்குச் செலவாகவில்லையா? அந்தப் பணத்தை எப்படித் திரும்பப் பெறுவது?" என்று கேட்கிறார்கள் கனவான்கள். நல்ல கேள்வி. விடையை நான் சொன்னால் தெருமேடைப் பேச்சு என்பார்கள். ஆதலால் அந்நோய்க்கு மருத்துவம் செய்யும் வல்லுநர்களே சொல்லட்டும். 2013-இல், பல நாடுகளைச் சேர்ந்த 100-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து மருத்துவ ஏடொன்றிலே எழுதினார்கள். 2001-இல் அமெரிக்காவிலே ஆண்டுக்கு 30,000 டாலர் அளவில் இருந்த இம்மருந்தின் விலை, 2012-இல் 92,000 டாலராக ஏறிவிட்டதைச் சுட்டிக்காட்டினார்கள். ஆராய்ச்சிச் செலவை ஈடுகட்டத் தொடக்க விலையே போதுமானதாயிருந்தது என்றார்கள். செலவு பழையது, விலை மட்டும் ஆண்டுதோறும் புதியது! ஆராய்ச்சிக் கடனா அது? அடைபட்ட பிறகும் வட்டி வாங்கும் கந்துவட்டிக் கணக்கு!

"பல ஆயிரம் ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தந்தோமே!" என்பது அவர்களுடைய மற்றொரு வாதம். தந்தார்கள், மறுக்கவில்லை. ஆயினும், கொடுப்பவன் விரும்புமட்டும் நீடிப்பது தருமம்; கேட்பவன் தலை நிமிர்ந்து பெறுவது உரிமை. நம் வயலுக்கு வரும் வாய்க்காலை அடைத்து வைத்துக்கொண்டு, வாசலிலே தண்ணீர்ப்பந்தல் வைப்பவனை வள்ளல் என்று வாழ்த்துவதா?

சரி, இந்தப் பெரும் போரிலே முதல் கல்லை எறிந்தவர் யார்? அங்கேதான் தோழர்களே, இக்கட்டுரையின் உயிர்நிலை இருக்கிறது. மருந்து ஆலைகள் எதிர்த்தன. அவற்றுக்கு ஆதாயம் உண்டு. அவற்றோடு மும்பையிலே இயங்கும் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கம் ஒன்றும் எதிர்ப்பு மனுப் போட்டது. நோயாளிகளுக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவிலிருந்து வந்தது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பிறகு, உரிமை வழங்கப்படுவதற்கு முன்னர், எவரும் எழுத்து மூலம் எதிர்க்கலாம் என்கிறது அது. எவரும்! ஆலை அதிபராக இருக்க வேண்டியதில்லை. அறிஞராக இருக்க வேண்டியதில்லை. காப்புரிமை முகவராக வேண்டுமானால் அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் வேண்டும். தேர்வு எழுதித் தேற வேண்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்ட எனக்கு அந்தத் தேர்வறையின் வாசற்படி ஏறவும் தகுதி கிடையாது. ஆனால், அவர் எழுதியதை எதிர்த்து மனுப் போட எனக்கும் உரிமை உண்டு, உங்களுக்கும் உண்டு. வேலி போடுவதற்கு முன்பே, "இது ஊர்ப் பொது நிலம்" என்று கூவும் உரிமை அது.

அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காயன்று. 2023 மார்ச்சிலே, காசநோய்க்கான பெடாகுவிலின் மருந்தின் ஓர் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் கேட்ட காப்புரிமை மும்பையிலே மறுக்கப்பட்டது. மீண்டும் உப்பு! மூல மருந்தின் உரிமை அவ்வாண்டு சூலையிலே முடிய இருந்தது. உப்பைக் காட்டி 2027 வரை நீட்டப் பார்த்தார்கள். எதிர்த்தவர்கள் யார்? காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். பழைய மருந்தின் கடுமையால் செவிப்புலனை இழந்தவர்கள் அவர்கள். செவி இழந்த இருவரின் குரல், செவிடாய் நடித்த நிறுவனத்தை வென்றது!

இப்படிப்பட்ட வாசலை என்ன செய்தார்கள்? அகலமாக்கினார்களா? 2024 மார்ச்சிலே மத்திய அரசு விதிகளைத் திருத்தியது. கட்டணமின்றி இருந்த எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தது. மனு ஏற்கத்தக்கதா என்று அதிகாரி முதலிலே பார்த்து, வாசலிலேயே திருப்பி அனுப்பவும் வழி செய்தது. அம்மட்டோ! காப்புரிமை பெற்றவர் அதனை இந்நாட்டிலே பயன்படுத்துகிறாரா என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியிருந்ததை, மூன்றாண்டுக்கு ஒரு முறை போதும் என்று தளர்த்தியது. அந்தக் கணக்கின் அருமை என்ன? 2012-இல் பேயர் நிறுவனத்தின் நெக்சவார் என்னும் புற்றுநோய் மருந்து மாதத்துக்கு ரூ. 2,80,428-க்கு விற்றது. நிறுவனம் தானே தந்த கணக்கும் அதற்கு எதிராக நின்றது. கட்டாய உரிமம் பிறந்தது. அதே மருந்தை நாட்கோ ரூ. 8,880-க்குத் தர வழி ஏற்பட்டது. அந்தச் சாளரத்தைத்தான் இப்போது மூன்றாண்டுக்கு ஒரு முறை திறந்தால் போதும் என்கிறார்கள். விதிகள் திருத்தப்பட்ட அதே மார்ச்சு மாதத்திலேதான் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு ஐரோப்பிய நாடுகளோடு வணிக ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. நாளையும் நடப்பையும் சொல்லிவிட்டேன். பொருத்திப் பார்ப்பது உங்கள் பொறுப்பு.

"வீண் எதிர்ப்புகள் பெருகின, பினாமிகள் பெயரிலே மனுப் போட்டு இழுத்தடித்தார்கள்" என்று காரணம் சொல்கிறார்கள். சிலர் செய்திருக்கக்கூடும். செய்தவரைத் தண்டியுங்கள்; பினாமிக்கு அபராதம் போடுங்கள். மூட்டைப்பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதா? கோடி கொட்டி வழக்காடும் நிறுவனத்துக்கு அந்தக் கட்டணம் கொசுக்கடி. சிகிச்சைக்கே கடன் வாங்கியவருக்கு அது கழுத்துக்கயிறு.

இன்னொன்றும் உண்டு. "எவரும்" என்கிறது சட்டம். "எம்மொழியிலும்" என்று சொல்லவில்லை விதி. பிரமாணப் பத்திரமும் வரைபடமும் நீங்கலாக, காப்புரிமை அலுவலகத்துக்குத் தரும் ஆவணங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டுமாம். நோவார்ட்டிசின் விண்ணப்பம் சென்னையிலே கிடந்தது. சென்னைக்காரர் தம் மொழியிலே அதனை எதிர்க்க முடியாது! கிண்டியிலே அலுவலகம், கிட்ட நெருங்க மொழிச்சுவர்!

காப்புரிமை வழக்கறிஞரை நான் பழிக்கிறேன் என்று யாரும் கருத வேண்டா. அரிவாள் கதிரையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் அரிவாளிலே இல்லை. நோயாளிகள் பக்கம் நின்று வாதாடியவர்களும் இதே கலையைக் கற்றவர்கள்தாம். சென்னைத் தீர்ப்பை வழங்கிய இருவரில் ஒருவரான நீதியரசர் பிரபா ஸ்ரீதேவன், பின்னர் மேல்முறையீட்டு வாரியத்தின் தலைவராக இருந்து, 2013-இல் நெக்சவார் கட்டாய உரிமத்தையும் நிலைநிறுத்தினார். தமிழ் இலக்கியத்தை மொழிபெயர்க்கும் கையும் அதுவே. இந்தச் சட்டம் நமக்கு எட்டாக்கனி அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே கேட்கிறோம். நோயாளிகளும் அவர்தம் அமைப்புகளும் போடும் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணத்தை நீக்குக! பயன்பாட்டுக் கணக்கை மீண்டும் ஆண்டுதோறும் ஆக்குக! அவரவர் தாய்மொழியிலே எதிர்ப்பைத் தெரிவிக்க விதி செய்க! மூன்றும் விதிப் புத்தகத்திலே திருத்தக்கூடியவை. அரசியல் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. மனம் இருந்தால் ஓர் அரசாணை போதும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நம் மன்றங்களிலே, படிப்பகங்களிலே, வேதியியலும் உயிரியலும் பொறியியலும் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறீர்கள். வேலை தேடி அலையும் நேரத்திலே அந்த முகவர் தேர்வின் பாடத்தையும் புரட்டிப் பாருங்கள். கோரிக்கை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள்; பிறர் எழுதிய கோரிக்கையைப் பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளுங்கள். நெசவாளியின் புது நுட்பத்துக்கு உரிமை வாங்கித் தரவும், நோயாளியின் மருந்தைச் சுற்றிய முள்வேலியை அகற்றவும் அந்த ஒரே கல்வி உதவும். மாவட்டத்துக்கு ஒருவர் கற்றாலும் போதும். அடுத்த உப்பும் அடுத்த படிகமும் நம் கண்ணுக்குத் தப்பா.

வேலி போடும் பேனாக்கள் ஓய்வதில்லை. கேள்வி கேட்கும் பேனாக்களும் ஓயாதிருக்கட்டும்!